கயாக் பயணத்துக்கு முன் கவிழ்ந்து ஏறிப் பழகுதல்: கொழும்பிலிருந்து புறப்படுவோருக்கான முழுமையான வழிகாட்டி

சோளகம் ஓய்ந்து, டிசம்பரிலிருந்து மார்ச் வரை மேற்குக் கரை அடங்கிக் கிடக்கும். கொழும்பிலிருந்து கயாக் பயணம் போக ஏற்ற காலம் அதுதான்: பொல்கொடை வாவியின் நெடுக்கம், நீர்கொழும்புக் களப்பின் கண்டல் ஓரங்கள், பெந்தோட்டை ஆறு, துணிந்தவர்களுக்குக் கல்பிட்டி. வான் பிடிப்பது, சாப்பாட்டுக்குச் சொல்வது, ஆட்களைச் சேர்ப்பது எல்லாம் ஒரு வாரத்துக்கு முன்பே முடிந்துவிடும். கவிழ்ந்தால் எப்படித் திரும்ப ஏறுவது என்பது மட்டும் பேச்சில்கூட வராது. லைஃப் ஜக்கெட் இருக்கிறதுதானே என்று விட்டுவிடுவார்கள். லைஃப் ஜக்கெட் உங்களை மிதக்க வைக்கும், அவ்வளவுதான். கரை ஒரு கிலோமீற்றர் தள்ளி இருக்கும்போது, காற்று வள்ளத்தை இழுத்துக்கொண்டு போகும்போது, மிதந்துகொண்டிருப்பது மட்டும் உதவாது.

திரும்ப ஏறுவதற்கு வலிமையைவிட உடம்பை எந்த நிலையில் வைக்கிறோம் என்பதே முக்கியம். நீரில் நெட்டாக நின்றுகொண்டு கையால் இழுத்து ஏறப் பார்ப்பவர் மூன்று முயற்சியில் களைத்துவிடுவார். உடம்பைப் படுக்கையாக நீட்டிக் காலால் உதைத்து ஏறுபவர் ஒல்லியாக இருந்தாலும் ஏறிவிடுவார். இதைக் கரையில் சொல்லி விளங்கவைக்க முடியாது, நனைந்துதான் பழக வேண்டும்.

எங்கே, எப்போது

முதல் தடவைக்கு நீச்சல் குளம் கிடைத்தால் அதைவிட நல்ல இடம் இல்லை. கயாக்கின் வெளிப்புறத்தைக் கழுவி, மணல் இல்லாமல் கொண்டுவருகிறோம் என்று முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். குளம் கிடைக்காவிட்டால், மொரட்டுவை, பிலியந்தலைப் பக்கம் பொல்கொடை வாவியில் கயாக் வாடகைக்கு விடும் இடங்களின் துறையடி வசதியானது. பயிற்சிக்கு வந்திருக்கிறோம், வேண்டுமென்றே கவிழ்ப்போம் என்று முதலிலேயே சொல்லுங்கள். இல்லாவிட்டால் உங்களைக் காப்பாற்ற அவர்கள் ஓடிவருவார்கள். நகரத்துக்கு நடுவில் இருக்கிறது என்பதற்காகப் பேரை வாவியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அந்தத் தண்ணீரில் துடுப்புப் போடலாம், தலை முழுகிப் பழகக் கூடாது.

பொல்கொடையிலும் அதைச் சுற்றிய ஓடைகளிலும் முதலை உண்டு. 2022 ஜனவரியில் வெள்ளவத்தை, கல்கிசைக் கரையோரக் கடலிலேயே முதலை தென்பட்டது. எனவே அன்று காலையில் அந்த இடத்து ஆட்களிடம் கேட்காமல் இறங்க வேண்டாம். விடியலும் பொழுதுபடும் நேரமும் வேண்டாம். நாணல், கண்டல் அடர்ந்த ஓரத்தைவிட்டு, அடி தெரியும் திறந்த கரையில் பழகுங்கள். பயிற்சிக்குக் காலை 7.30இலிருந்து 10.00 வரை சரி. அதற்குப் பிறகு கடற்காற்று எழும்பும், வெயிலும் ஏறும். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமழை வழமை. தூரத்தில் இடி கேட்டாலே கரையேறி, கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழியும்வரை தண்ணீரில் இறங்காதீர்கள்.

பெருமழை பெய்த அடுத்த இரண்டு மூன்று நாள் வாவியில் முழுகுவதைத் தள்ளிப்போடுங்கள். வடிகால்கள் எல்லாம் வாவிக்குள்தான் வந்து சேரும், எலிக்காய்ச்சல் அபாயம் அப்போது கூடும். காலில் வெட்டுக்காயம் இருப்பவர் அன்று கரையில் நின்று நேரம் குறிக்கட்டும்.

முதல் ஆழம் இடுப்புக்கு மேல், நெஞ்சுக்குக் கீழ்: ஏறக்குறைய 1.2 மீற்றர். இதைவிடக் குறைந்தால் கவிழும்போது தலை அடியில் மோதும். ஆனால் கால் ஊன்றக்கூடிய ஆழத்தில் ஏறிப் பழகிவிட்டு 'எனக்கு வரும்' என்று நம்பாதீர்கள். பலரும் தெரியாமலே அடியை உதைத்துத்தான் ஏறுகிறார்கள். ஒவ்வொரு முறையையும் இந்த ஆழத்தில் விளங்கிக்கொண்டு, பிறகு கால் எட்டாத ஆழத்தில் செய்துபார்த்தால்தான் கணக்கு.

இரண்டு அமர்வு தேவை. முதலாவது பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பு, இரண்டாவது நான்கைந்து நாள் முன்பு. முந்தின நாள் பழகினால் தோளும் முன்கையும் இறுகிப்போன கையோடுதான் பயணம் போவீர்கள்.

உடம்பிலும் வள்ளத்திலும் பார்க்க வேண்டியவை

லைஃப் ஜக்கெட்டை இறுக்கிய பிறகு இரண்டு தோள்பட்டியையும் பிடித்து ஒருவர் மேலே இழுத்துப் பார்க்க வேண்டும். அது நாடிக்கு மேலே ஏறினால் பெரிது, அல்லது பக்கப்பட்டி தளர்வு. நெஞ்சுப்பகுதி மிகத் தடித்த வகை ஏறும்போது வயிற்றுக்கும் கயாக்குக்கும் நடுவில் தலையணை போல் நிற்கும். அதைப் பயிற்சியில் கண்டுபிடித்தால் பயணத்துக்கு வேறு எடுக்கலாம். ஒவ்வொரு ஜக்கெட்டிலும் ஒரு விசில் கட்டுங்கள். மூன்று ஊதல் என்றால் உதவி.

உடை உடம்போடு ஒட்டியது. நனைந்த ஜீன்ஸ் முழங்காலை மடிக்க விடாது. துப்பட்டாவைக் கரையிலேயே விட வேண்டும், அது காலையும் துடுப்பையும் சுற்றும். சங்கிலியும் தாலிக்கொடியும் ஜக்கெட்டின் சிப்பில் மாட்டும். கழற்ற விருப்பமில்லாதவர்கள் உள்ளே போட்டு ரேப் ஒட்டிக்கொள்ளலாம். கண்ணாடிக்குப் பின்கயிறு வேண்டும். இரப்பர் செருப்பு முதல் உதையிலேயே மிதந்து போகும், பழைய கன்வஸ் சப்பாத்து போதும்.

கயாக் இரண்டு வகை. மேலே உட்காரும் வகைதான் இங்கே வாடகைக்கு அதிகம் கிடைக்கிறது. அதில் பின்புறத்து வடிகால் அடைப்பானைத் திருகிப் பாருங்கள், பிறகு வள்ளத்தைத் தூக்கிக் குலுக்கிக் கேளுங்கள். உள்ளே தண்ணீர் சலசலத்தால் எங்கேயோ வெடிப்பு இருக்கிறது. உள்ளே உட்காரும் வகையில், இருக்கைக்குழிக்கு முன்னும் பின்னும் உட்தடுப்பு இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. தடுப்பில்லாத மலிவான வள்ளம் கவிழ்ந்தால் முழுக்க நிரம்பும். நூறு லீட்டருக்கு மேல் தண்ணீர், அதாவது நூறு கிலோவுக்கு மேல் பாரம். இருவர் சேர்ந்தாலும் நடுவாவியில் அதைக் கவிழ்த்து வடிக்க முடியாது. அப்படிப்பட்ட வள்ளத்தில் முன்னும் பின்னும் காற்றடைத்த மிதவைப் பைகளைத் திணித்து, நழுவாமல் கட்டாமல் கரையைவிட்டு எடுக்கக் கூடாது. மேல்தளத்தைச் சுற்றி ஓடும் கயிறு அறுந்திருந்தால் பயிற்சிக்கு முன்பே மாற்றுங்கள். தண்ணீரில் இருப்பவருக்கு அதுதான் கைப்பிடி.

கவிழ்ந்து வெளியே வருதல்

உள்ளே உட்காரும் கயாக்கில் இது முதற்பாடம். ஸ்பிரே ஸ்கர்ட் (இடுப்பில் மாட்டி, இருக்கைக்குழியின் வாயை மூடும் நீர்புகா உறை) போடாமல் மூன்று தடவை, போட்டு மூன்று தடவை. பக்கத்தில் ஒருவர் அதே 1.2 மீற்றர் தண்ணீரில் நிற்க வேண்டும்.

மூச்சை எடுத்துக்கொண்டு பக்கவாட்டில் விழுங்கள். தலைகீழானதும் நெற்றி முழங்காலை நோக்கிக் குனியட்டும். வள்ளத்தின் அடிப்பாகத்தை இரண்டு கையாலும் மூன்று முறை தட்டுங்கள். தட்டுவது கூப்பிடுவதற்கு மட்டும் இல்லை, பதற்றத்தை அடக்கவும்தான். ஸ்கர்ட்டின் முன்வளையத்தைப் பிடித்து முதலில் முன்னே தள்ளி, பிறகு வெளியே இழுங்கள். நேரே இழுத்தால் விளிம்பில் கொளுவி நிற்கும். கைகளை இடுப்புக்குப் பக்கத்தில் விளிம்பில் ஊன்றி, காற்சட்டையைக் கழற்றுவது போல வள்ளத்தைத் தள்ளிவிடுங்கள். குனிந்தபடியே கால் வழுகி வரும். பின்னால் சாய்பவர்களுக்குத் தொடை மேல்தளத்தில் இறுகும், இங்கே நடக்கும் பிழை பெரும்பாலும் அதுதான்.

மற்றப் பிழை உயிரோடு விளையாடுவது: அவசரத்தில் ஸ்கர்ட்டின் வளையம் உள்ளே மடிந்துபோவது. எனவே புறப்படும்போது ஒவ்வொருவரும் தனக்குப் பக்கத்திலிருப்பவரின் வளையத்தைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். கண்ணால் பார்த்தது போதாது.

தலை வெளியே வந்ததும் ஒரு கை கயாக்கில், மற்றது துடுப்பில். வெறும் கயாக்கைக் காற்று நீந்துபவரைவிட வேகமாக இழுத்துச் செல்லும். இரண்டில் ஒன்றை விடத்தான் வேண்டும் என்றால் துடுப்பை விடுங்கள்.

மேலே உட்காரும் கயாக்கில் ஏறுதல்

முதலில் நிமிர்த்த வேண்டும். நடுப்பகுதிக்கு நீந்தி, கவிழ்ந்த அடியின் மேலாக எட்டி, அப்பக்கத்து விளிம்பையோ வடிகால் துளையையோ பிடித்து, முழங்காலை இப்பக்க விளிம்பில் ஊன்றிப் பின்னால் சாயுங்கள். வள்ளம் உங்கள் பக்கம் திரும்பி வரும், முகத்தை ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

ஏறும் வரிசை வயிறு, பிட்டம், கால். இருக்கைக்கு நேராக இரு கையையும் குறுக்கே வைத்து, காலை நீர்மட்டத்துக்குக் கொண்டுவந்து, நீந்துவது போல பலமாக உதையுங்கள். மூன்றாவது நாலாவது உதையில் கையை அழுத்தினால் நெஞ்சு மேலே வழுகும். தொப்புள் வள்ளத்தின் நடுக்கோட்டுக்கு வரும்வரை முகங்குப்புறவே இருங்கள். பிறகு புரண்டு இருக்கையில் பிட்டத்தை வையுங்கள். கடைசியாகத்தான் கால். நடுக்கோட்டுக்கு வருமுன் புரள்பவர் மறுபக்கத்தால் விழுவார், அல்லது வள்ளத்தைத் தன்மேல் கவிழ்த்துக்கொள்வார். கால்கள் வள்ளத்துக்கு அடியில் தொங்குகின்றன என்றால் உதைக்கவில்லை, இழுக்கிறீர்கள். விட்டுவிட்டு, மூச்செடுத்து, காலை மேலே கொண்டுவந்து திரும்பத் தொடங்குங்கள்.

ஒருவர் ஐந்து தடவை சரியாக ஏறினாலும் போதாது. 200 மீற்றர் முழுவேகத்தில் துடுப்புப் போட்டுவிட்டு உடனே கவிழ்ந்து ஏறச் சொல்லுங்கள். உண்மையில் கவிழ்பவர் களைத்த பிறகே கவிழ்கிறார்.

இருவர் சேர்ந்து: 'டி' மீட்பு

உள்ளே உட்காரும் கயாக்குகளுக்கு நம்பத்தக்க முறை இது. இரண்டு வள்ளமும் ஆங்கில 'டி' எழுத்துப் போல் நிற்பதால் அந்தப் பெயர்.

1. மீட்பவர் வரும்போதே பேச வேண்டும்: காயமா, துடுப்பு கையில் இருக்கிறதா, மூச்சு வாங்குகிறதா. பதில் சொல்ல முடியாதவரைக் கயாக்குக்கு முன்பாகக் கவனியுங்கள். முதலில் ஆள், பிறகு வள்ளம், பிறகு துடுப்பு.

2. மீட்பவர் கவிழ்ந்த வள்ளத்தின் முன்முனைக்குக் குறுக்கே வந்து, தன் துடுப்பை மேல்தளத்து இலாஸ்டிக் கயிற்றுக்குள் செருகுகிறார். தண்ணீரில் இருப்பவர் மேல்தளக் கயிற்றை விடாமல் தன் வள்ளத்தின் பின்முனைக்குப் போகிறார்.

3. வள்ளம் கவிழ்ந்தபடியே இருக்க, மீட்பவர் அதைக் கொஞ்சம் பக்கவாட்டில் சரித்து உறிஞ்சலை உடைத்து, முன்முனையைத் தன் மேல்தளத்தின்மேல் இழுக்கிறார். அதே நேரத்தில் மற்றவர் பின்முனையைக் கீழே அழுத்துகிறார். பின்தடுப்பு இருக்கைக்கு ஒட்டினாற்போல் இருந்தால் பத்துச் செக்கனில் தண்ணீர் வடிந்துவிடும்.

4. நிமிர்த்தி, நீரில் வழுக்கிவிட்டு, முனைகள் எதிரெதிர்த் திசையில் இருக்கும்படி பக்கத்தில் அணைத்துக்கொள்கிறார். இருக்கைக்குழியின் விளிம்பை இரு கையாலும் பிடித்து, அதன்மேல் தன் நெஞ்சைச் சாய்த்துப் பாரத்தைக் கொடுக்கிறார். விரல் பலத்தால் மட்டும் பிடிப்பவரால் முப்பது செக்கன் தாங்க முடியாது.

5. ஏறுபவர் குழிக்குச் சற்றுப் பின்னால் வந்து, முகங்குப்புறப் பின்தளத்தில் உதைத்து ஏறி, பின்முனையைப் பார்த்தபடி கால்களை ஒவ்வொன்றாகக் குழிக்குள் விடுகிறார். பிறகு மீட்பவரின் பக்கமாகவே திரும்பி அமர்கிறார். மறுபக்கம் திரும்பினால் பாரம் ஆதரவில்லாத பக்கம் போகும்.

6. ஸ்கர்ட் மாட்டி, துடுப்பு கையில் வந்து, "சரி, விடு" என்று அவர் வாயால் சொல்லும்வரை மீட்பவர் கையை எடுக்கக் கூடாது. ஏறிய உடனேயே இரண்டாவது தடவை கவிழ்வது இந்த இடத்தில்தான்.

கை பலம் குறைந்தவருக்குக் குதிக்கால் முறை எளிது. மல்லாந்து மிதந்து, தலை பின்முனைப் பக்கம் இருக்க, வள்ளத்துக்கு அருகிலுள்ள காலைக் குழிக்குள் விட்டுக் குதிக்காலை மேல்தளத்தின் அடியில் கொளுவுங்கள். காலை நிமிர்த்தி அழுத்தியபடி உடம்பைக் குப்புறப் புரட்டினால் பின்தளத்துக்கு வந்துவிடுவீர்கள். தொடைதான் வேலை செய்கிறது, கை வழிகாட்டுகிறது.

அதுவும் வராவிட்டால் கயிற்றுப்படி. இரண்டு விரல் அகலப் பட்டியில் ஒரு பெரிய வளையம் கட்டி, மீட்பவரின் வள்ளத்துக்கு மறுபக்கத்தில் கிடக்கும் துடுப்புத்தண்டில் மாட்டி, இரு வள்ளத்துக்கும் மேலாகக் கொண்டுவந்து ஏறுபவரின் பக்கம் தொங்கவிட வேண்டும். முழங்கால் மடித்துப் பாதம் வைக்கும் ஆழத்தில் அது நிற்கட்டும். அதைவிட ஆழமாகத் தொங்கினால் கால் வள்ளத்தின் அடிக்குப் போய்விடும், உடம்பு மல்லாந்துவிடும். நீளத்தைப் பயிற்சி நாளிலேயே அந்தந்த ஆளுக்குப் பார்த்து முடிச்சுப் போட்டு வையுங்கள். குழுவில் பாரம் கூடியவரையே முதலில் இதற்கு அழைக்க வேண்டும். கூச்சம் காரணமாக அவரைத் தவிர்த்துவிட்டுப் போகும் குழுதான் பிறகு தவிக்கும்.

பொதி ஏற்றிய வள்ளத்தை மேல்தளத்தில் இழுக்க முடியாது. அப்போது தண்ணீரோடேயே நிமிர்த்தி, ஆளை ஏற்றிவிட்டுப் பிறகு இறைக்க வேண்டும். நல்ல கைப்பம்பு நிமிடத்துக்கு ஏறக்குறைய 30 லீட்டர் இறைக்கும். களைத்த கைக்கு அதில் பாதி என்று வையுங்கள். உள்ளே அரைகுறையாகக் கிடக்கும் தண்ணீர் சாய்ந்த பக்கத்துக்கே ஓடி மேலும் சாய்க்கும். அதனால் இறைத்து முடியும்வரை அணைத்த பிடியை விட வேண்டாம். இரண்டாவது அமர்வில் 15 லீட்டர் தண்ணீர்க் கலன்களை ஏற்றி இதையே செய்துபாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும்.

தனியே ஏறுதல்

துடுப்பில் மாட்டுவதற்கென்றே உள்ள மிதவைப் பையை அதன் ஒரு இலையில் மாட்டி, பட்டியைக் கொளுவி, இரு அறையையும் ஊதி நிரப்புங்கள். முழு நேரமும் ஒரு கால் குழிக்குள் கொளுவியிருக்கட்டும், கயாக் போய்விடாது. நிமிர்த்திய பிறகு துடுப்பைக் குழிக்குப் பின்னால் வள்ளத்துக்குக் குறுக்கே வைத்து, தண்டையும் விளிம்பையும் ஒரே கையால் சேர்த்துப் பிடியுங்கள். முகங்குப்புறப் பின்தளத்தில் ஏறி, ஒரு கணுக்காலைத் தண்டில் மாட்டி, மற்றக் காலைக் குழிக்குள் விட்டு, பிறகு மாட்டிய காலையும் எடுங்கள். திரும்பும்போது மிதவைப் பக்கமே பாரம். நேராக உட்கார்ந்துவிட்டோம் என்று நடுவுக்கு வந்த நொடியில் மறுபக்கம் கவிழ்வதுதான் இதில் வழமையான தோல்வி. இறைத்து முடிக்கும்வரை ஒரு முழங்கை மிதவைப் பக்கத் தண்டிலேயே இருக்கட்டும்.

குளத்தில் ஐந்து நிமிடம் எடுத்தால் காற்றில் இது நடக்காது. மூன்று நிமிடத்துக்குள் வரும்வரை தனியே போகும் எண்ணத்தை விட வேண்டும்.

நினைவு குழம்பியவர், இழுத்துச் செல்லல், அலை

கை உடைந்தவரோ மயங்கியவரோ தானே ஏற முடியாது. வள்ளத்தைப் பக்கவாட்டில் சரித்து, குழியின் வாயைத் தண்ணீருக்குள் இறக்கி, அவருடைய கால்களை உள்ளே வழுக்கிவிடுங்கள். அவரைப் பின்தளத்தில் மல்லாத்தி, லைஃப் ஜக்கெட்டைப் பிடித்து வள்ளத்தோடு சேர்த்து நிமிர்த்துங்கள். வள்ளம் நிரம்பியே வரும், மூன்றாமவர் இறைக்க வேண்டும். மூன்று பேருக்குக் குறைந்த குழுவாகப் போகக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

இழுப்புக் கயிறு வாவிக்கு 5 மீற்றர், அலைக்கு 15 மீற்றர். இடுப்பில் முடிச்சுப் போட்டுக் கட்டவே வேண்டாம். ஒரே இழுப்பில் கழலும் பட்டி வேண்டும், அதைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பழக வேண்டும். களப்பில் வலை கட்டிய கம்புகள் உண்டு, கயிறு சிக்கினால் அறுக்க ஒரு மழுங்குமுனைக் கத்தி ஜக்கெட்டிலேயே இருக்கட்டும்.

கடலில் அலை உடையும் இடத்தில் மீட்புச் செய்யவே வேண்டாம். கயாக்குக்கும் கரைக்கும் நடுவில் ஒருபோதும் நிற்காதீர்கள். தண்ணீர் நிரம்பிய வள்ளத்தை அலை உங்கள் முழங்காலில் அடிக்கும். கடல் பக்கம் நின்று முனையைப் பிடித்து, அலையோடு கரைக்கு விடுங்கள்.

கொழும்புக் குழு என்றால் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் கலந்துதான் இருக்கும். பிடி, விடு, ஏறு, நில் என்ற நான்குக்கும் எந்த மொழியில் எந்தச் சொல் என்று கரையிலேயே முடிவெடுங்கள். "அண்ணா, கொஞ்சம் பிடியுங்கோ" என்று சொல்லிப் பழகிய வாய் தண்ணீரில் தயங்கும். அன்றைக்கு மட்டும் பெரியவர்களும் 'பிடி' என்பதை ஏற்றுக்கொள்ளட்டும்.

யார் வரலாம்

இரண்டாவது அமர்வின் முடிவில், எல்லோரும் களைத்திருக்கும்போது, ஒவ்வொருவரும் கால் எட்டாத ஆழத்தில் ஒருமுறை மீட்கப்பட்டு ஒருமுறை மீட்க வேண்டும். கவிழ்ந்ததிலிருந்து துடுப்பு கையில் வரும்வரை நேரம் குறியுங்கள். மூன்று நிமிடம் நல்லது. ஐந்துக்கு மேல் போனால், அந்த ஆளோடு கரையிலிருந்து 100 மீற்றருக்கு மேல் விலகாத பாதையைத் தேர்ந்தெடுங்கள், அல்லது அவர் இரட்டைக் கயாக்கில் பின்னிருப்பவருக்கு முன்னால் உட்காரட்டும். பயணத்தில் பெயர் கொடுத்துவிட்டார், காசு கட்டிவிட்டார் என்பதெல்லாம் காரணம் ஆகாது.

தொலைபேசி நீர்புகாப் பையில், வள்ளத்தில் அல்லாமல் ஜக்கெட்டில். அம்பியுலன்ஸ் 1990, பொலிஸ் 119. கரையில் ஒருவரிடம் பாதையும் திரும்பும் நேரமும் எழுதிக் கொடுங்கள்.

பயிற்சி முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் குளித்து, கீறல்களைக் கழுவி மருந்து போடுங்கள். மிதவைப் பையையும் பம்பையும் நல்ல தண்ணீரில் அலசி, வால்வைத் திறந்து நிழலில் காயவிடுங்கள். அடுத்த மூன்று நான்கு வாரத்துக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால் பனடோலோடு காத்திராமல் வைத்தியரிடம் போய், இன்ன திகதியில் வாவியில் முழுகினோம் என்று முதலிலேயே சொல்லுங்கள்.